ஆசிரியர் ஜோன்சனும் பதின்மூன்றாம் பெட்டியும்

இடாப்பு என்னும் சொல்லை ஈழத்தவராகிய நாம் இரண்டு இடங்களில் வழங்குகின்றோம். பள்ளிக்கூடத்திலே மாணவர் வரவைக் குறிப்பது ஓர் இடாப்பு. தேர்தலிலே வாக்காளர் பெயர்களைத் தாங்கி நிற்பது மற்றோர் இடாப்பு. முன்னையதோடு முப்பது ஆண்டுகளாகப் பழகி வருபவன் யான். தேர்தற் கடமைக்கென அனுப்பப்பட்ட நாள்களிலே பின்னையதோடும் பழகியிருக்கின்றேன். பெயரை உரத்து வாசிப்பதும், வந்தவர்க்கு நேரே அடையாளம் இடுவதும், வாராதவர்க்கு நேரே வெறுமை விடுவதும் இரண்டுக்கும் பொது. அந்த வெறுமையை நிரப்பிவிட்டால் என்ன என்று ஓர் எண்ணம் தோன்றுவதும் இரண்டுக்கும் பொதுவே.

அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த லிண்டன் ஜோன்சனுடைய வாழ்க்கையை எழுதப் புகுந்த யான் இடாப்பிலே தொடங்கியது காரணமின்றி அன்று. நம்மவருட் பலர் அவரை வியட்னாம் போரோடு மாத்திரம் சேர்த்து அறிவர். யானும் அவ்வாறே அறிந்திருந்தேன். ரொபேட் காரோ என்பார் எழுதிவரும் பெரிய வரலாற்று நூலின் இரண்டாம் பாகம் 1990 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நண்பர் ஒருவரிடம் அதனை இரவல் பெற்றுப் படித்தபோதுதான் ஜோன்சன் முதலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்பது எனக்குத் தெரியவந்தது. ஓர் இடாப்பினாலேயே அவர் உயர்ந்தார் என்பதும் தெரியவந்தது.

ஜோன்சன் 1908 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27 ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்தின் மலைப்பாங்கான பகுதியிலே, பெடர்னாலிஸ் ஆற்றங்கரையில், ஸ்டோன்வோல் என்னும் சிற்றூருக்கு அணித்தாகப் பிறந்தார். தந்தையார் சாம் ஜோன்சன் மாநிலச் சட்டசபையில் அங்கம் வகித்தவர். பருத்தியை நம்பி அவர் நிலத்திலே பணத்தை முடக்கினார். பருத்தி விலை வீழ்ந்தது. நிலம் போயிற்று, கடன் நின்றது. ஊரார் மதித்த குடும்பம் ஊரார் இரங்கும் குடும்பமாயிற்று. பிறவியிலேயே வறியவனாயிருப்பவன் வறுமையைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடுவான். இருந்து இழந்தவன் வீட்டுப் பிள்ளை அவ்வாறு பழகுவதில்லை. எப்படியேனும் மேலே வரவேண்டும் என்னும் வேகம் ஜோன்சனுக்கு அங்கிருந்தே வந்தது போலும்.

சான் மார்க்கோஸ் என்னும் ஊரிலிருந்த ஆசிரியர் கல்லூரியிலே 1927 இல் அவர் சேர்ந்தார். படிப்பின் நடுவே கையிற் பணம் இல்லாமற் போகவே, 1928 இல் தென் டெக்சாசிலே கொட்டுல்லா என்னும் ஊருக்குப் படிப்பிக்கச் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபது. வெல்ஹோசன் பாடசாலை என்பது மெக்சிக்க வம்சத்துப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளிக்கூடம். வெள்ளையர் பிள்ளைகள் வேறிடத்திற் படித்தனர். ஐந்தாம், ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு ஆசிரியரும் அவரே. பாடசாலைக்குத் தலைமையாசிரியரும் அவரே. பிள்ளைகள் காலையுணவின்றி வந்தனர். தாம் ஏன் வெறுக்கப்படுகின்றோம் என்பது விளங்காத முகங்களோடு வந்தனர். இப்பிள்ளைகள் படித்தென்ன, படியாவிட்டால் என்ன என்றிருந்த பாடசாலையிலே இவர் ஒருவரே விடாது உழைத்தார். முதற் சம்பளப் பணத்திலே விளையாட்டுப் பொருள்கள் வாங்கினார். பந்தாட்டப் போட்டி நடத்தினார். பேச்சுப் போட்டி நடத்தினார். பாடசாலையைக் கூட்டித் துப்புரவு செய்யும் தொழிலாளிக்கும் ஆங்கிலம் கற்பித்தார்.

ஒன்றை மறைத்தல் கூடாது. பள்ளிக்கூட வளவினுள்ளே எவனாவது ஸ்பானிய மொழியிற் பேசக் கேட்டால் ஜோன்சன் அடித்தார். ஆங்கிலம் இல்லாவிடின் இப்பிள்ளைகளுக்கு வாழ்வில்லை என்பது அவர் துணிபு. அன்பினால் அடித்தார் என்பர் அவரைப் புகழ்வோர். தமிழ் வாத்தியாராகிய யான் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தைச் சிறிது நேரம் மூடி வைத்தேன். தாய்மொழி வாயில் வந்ததற்காகப் பிள்ளையின் உடம்பிலே பிரம்பு படுவது எந்த நாட்டிலாயினும் நமக்கு உறைக்கும் அன்றோ. எனினும் அந்தப் பிள்ளைகள் அவரைப் பிற்காலத்தும் நன்றியோடே நினைத்தனர். தம்மைப் பொருட்படுத்தி அடித்த முதல் மனிதர் அவரே என்று எண்ணினார்களோ, யாதோ.

ஓராண்டளவே அவர் அங்கிருந்தார். 1930 இல் பட்டம் பெற்று, ஹூஸ்டன் நகரில் ஒரு பள்ளிக்கூடத்திலே பேச்சுக்கலை பயிற்றினார். 1931 இல் ஒரு பிரதிநிதிக்குச் செயலாளராகி வாஷிங்டன் சென்றார். 1935 இல் இளைஞர்க்கு வேலை தேடிக்கொடுக்கும் அரசாங்க நிலையமொன்றுக்கு டெக்சாஸ் மாநிலப் பணிப்பாளரானார். 1937 இல் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். இவ்வளவும் விரைவாகச் சொல்லத்தக்கவை. 1941 இல் நடந்ததைச் சற்று நின்று சொல்லுதல் வேண்டும்.

அவ்வாண்டு டெக்சாசுக்குரிய செனற் சபை ஆசனம் ஒன்று வெறுமையாயிற்று. இடைத் தேர்தலிலே ஜோன்சன் போட்டியிட்டார். எதிரில் நின்றோருள் முதன்மையானவர் ஆளுநராயிருந்த ஓடானியல். வாக்கெண்ணிய இரவிலே ஜோன்சனே முன்னின்றார். வெற்றி விழாவும் தொடங்கிவிட்டது. ஆனால், தமக்குச் சார்பான தென்பகுதிப் பெட்டிகளின் முடிவுகளை அவருடைய ஆட்கள் முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டனர். இன்னும் எத்தனை வாக்குகள் வேண்டும் என்பது எதிரிக்குத் தெளிவாயிற்று. அடுத்து வந்த நாள்களிலே கிழக்கு டெக்சாசிலிருந்து முடிவுகள் ஒவ்வொன்றாகத் திருந்தி வந்தன. ஈற்றில் 1,311 வாக்குகளால் ஜோன்சன் தோற்றார். கடைசியாகக் கணக்குச் சொல்பவனே வெல்வான் என்பது அன்று அவர் கற்ற பாடம்.

இனி, 1948 இன் கதைக்கு வருமுன் அந்நாட்டு வழக்கத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். நமது நாட்டிலே ஒரு கட்சியின் சார்பில் யார் போட்டியிடுவது என்பதைக் கட்சித் தலைவர்களும் நியமனக் குழுவினரும் தீர்மானிப்பர். அமெரிக்காவில் அவ்வாறன்று. கட்சியின் வேட்பாளரைத் தெரிவதற்கே ஒரு தேர்தல் உண்டு. அதனைப் பிரைமரி என்பர். முதற்றேர்தல் என்று யான் ஈண்டு வழங்குவேன். லகரமும் தகரமும் புணர்ந்து றகரமாய் இரட்டித்ததைக் கண்டு இளைய வாசகர்கள் அஞ்சவேண்டா. டெக்சாசிலே முதற்றேர்தலில் எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குப் பெறாவிடின், முதலிடம் பெற்ற இருவரும் இரண்டாஞ் சுற்றிலே மோதவேண்டும். அக்காலத்து டெக்சாசிலே குடியரசுக் கட்சி பெயரளவிலேயே இருந்தது. ஆதலால் சனநாயகக் கட்சியின் முதற்றேர்தலில் வென்றவர் நவம்பர் மாதத்துப் பொதுத் தேர்தலிலும் வென்றவராகவே எண்ணப்பட்டார். உண்மையான தேர்தல் முதற்றேர்தலே.

அதனாலேயே அதன் வாயிலிலே காவல் பலமாயிருந்தது. 1923 ஆம் ஆண்டுச் சட்டமொன்று கறுப்பின மக்களை அம்முதற்றேர்தலிலிருந்து வெளிப்படையாகவே விலக்கிற்று. நீதிமன்றங்கள் தடுக்குந்தோறும் வேறொரு வழி கண்டு விலக்கினர். 1944 இலேதான் உயர் நீதிமன்றம் அதனை முற்றாக நீக்கிற்று. இதுவுமன்றி வாக்குவரி என்று ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் ஒன்றரை டொலருக்குக் குறையாத வரியை முன்கூட்டியே செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெற்றவரே வாக்களிக்கலாம். கூலியாளுக்கு அது பெருந்தொகை. தென் டெக்சாசிலே மெக்சிக்க வம்சத்துக் கூலியாட்களுக்காக ஊர்ப் பெரிய முதலாளியே அவ்வரியைக் கட்டினான். எவருக்கு வாக்களிப்பது என்பதையும் அவனே சொன்னான். நோய் வந்தால் மருந்துக்கும், பிணம் விழுந்தால் அடக்கத்துக்கும் அவனிடமே போகவேண்டும். ஆதலால் மறுத்துப் பேசினோர் அரியர். அத்தகைய முதலாளிகளுள் தலையாயவன் ஜோர்ஜ் பார். டுவால் என்னும் கவுண்டியை அவன் ஆண்ட விதத்தைக் கண்டு டுவால் கோமகன் என்றே அவனுக்குப் பெயரிட்டனர். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றதொரு பிரிவு.

1948 இல் செனற் ஆசனத்துக்கு ஜோன்சன் மறுபடியும் போட்டியிட்டார். எதிரி கோக் ஸ்டீவன்சன். முன்னாள் ஆளுநர், தாமே சட்டம் படித்து வழக்கறிஞரானவர், பண்ணைக்காரர், பேச்சிற் சிக்கனமும் நாணயமும் உடையவர் என்று பெயர் பெற்றவர். கறுப்பின மக்களைப் பற்றிய அவருடைய கொள்கை அக்காலத்துத் தென்மாநில வெள்ளையரின் கொள்கையே. ஜோன்சனும் அவ்வாண்டு ட்ரூமன் கொண்டுவந்த குடியுரிமைத் திட்டங்களை எதிர்த்தே மேடையிற் பேசினார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. ஜோன்சன் ஹெலிகொப்டரில் ஊர் ஊராக இறங்கினார். வேட்பாளரைப் பார்க்க வாராதவர்களும் அந்தப் பொறியைப் பார்க்க வந்தனர்.

ஜூலை 24 ஆம் திகதி நடந்த முதற் சுற்றிலே ஸ்டீவன்சன் 477,077 வாக்குகளும் ஜோன்சன் 405,617 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 71,460. பாதியை எவரும் எட்டாமையால் ஓகஸ்ட் 28 இல் இரண்டாஞ் சுற்று நடந்தது. முதற் சுற்றுக்கு வந்தவர்களிலே இலட்சக்கணக்கானோர் இரண்டாஞ் சுற்றுக்கு வரவில்லை. இஃது எங்கும் உள்ளதே. இரண்டாம் முறை அழைத்தால் விருந்துக்கே பலர் வருவதில்லை. ஆயினும் டுவால் கவுண்டியிலே மாத்திரம் அந்தச் சோர்வு காணப்படவில்லை. வாக்குவரி செலுத்தியவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மருக்கு மேல் வந்து வாக்களித்ததாகக் கணக்குக் காட்டினர். ஜோன்சனுக்கு 4,622, ஸ்டீவன்சனுக்கு 40. நோயாளியும் பயணம் போனவனும் இல்லாத ஊர் அது போலும். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டீவன்சன் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட காலத்திலே இதே டுவால் இதே விதமாக அவருக்கு அள்ளிக் கொடுத்தது. உத்தியோக நியமனம் ஒன்றைப் பற்றி ஏற்பட்ட பிணக்கினாலே கோமகனின் மனம் மாறிற்று, வாக்குகளும் மாறின. முன்பு கொடுத்தபோது ஸ்டீவன்சன் வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

தேர்தலன்று இரவு ஸ்டீவன்சன் சில நூறு வாக்குகளால் முன்னின்றார். அடுத்த நாள்களிலே இரு பக்கமும் கணக்குகள் திருந்தின. இரு பக்கத்தாரும் திருத்தினர் என்றே வரலாற்றாசிரியர் கூறுவர். ஆறாம் நாளாகிய செப்டெம்பர் 3 ஆம் திகதி, ஜிம் வெல்ஸ் கவுண்டியின் தலைநகராகிய அலிஸ் என்னும் ஊரிலிருந்து ஒரு திருத்தம் வந்தது. அவ்வூரின் 13 ஆம் இலக்க வாக்களிப்புப் பிரிவிலே ஜோன்சனுக்கு 765 என்று முன்னர் அறிவித்திருந்தனர். இப்போது அது 965 ஆயிற்று. ஏழு ஒன்பதாவதற்கு எழுத்திலே ஒரு சுழிப்புப் போதும். ஸ்டீவன்சனுக்கு இரண்டு கூடிற்று. முற்றும் ஒருபக்கமாயிருந்தால் நன்றாயிராது என்று நினைத்தனர் போலும். மாநிலம் முழுவதும் எண்ணி முடிந்தபோது ஜோன்சன் 494,191, ஸ்டீவன்சன் 494,104. வேறுபாடு 87. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் வாக்களித்த தேர்தலிலே, பதினோராயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கிலே வெற்றி.

ஸ்டீவன்சன் தாமே அலிஸ் நகருக்குச் சென்றார். துணைக்கு வந்தவர் பிராங்க் ஹேமர் என்னும் பழைய காவற்படை வீரர். பேர்போன கொள்ளைக்காரரைச் சுட்டு வீழ்த்தியவர். வாக்களித்தோர் பெயர்ப்பட்டியல் அவ்வூர் வங்கியிலே பூட்டப்பட்டிருந்தது. சிறிது நேரம் பார்க்க மாத்திரம் விட்டனர். பிரதி எடுக்க விடவில்லை. பார்த்தவர்கள் சில பெயர்களை மனத்திலே பதித்துக்கொண்டு வந்தனர். பட்டியலின் ஈற்றிலிருந்த இருநூறு பெயர்களும் வேறு மையிலே, ஒரே கையெழுத்திலே, அகரவரிசையிலே நின்றன. வாக்காளர் அகரவரிசையில் அணிவகுத்து வந்து வாக்களித்த ஊர் உலகில் அஃதொன்றே. அப்பெயருடையோர் சிலரைத் தேடிக் கேட்டபோது, தாம் அன்று வாக்களிக்கப் போகவேயில்லை என்றனர்.

ஈண்டு யான் என்னைப் பற்றியும் சிறிது சொல்லுதல் வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலே ஒரு சிறிய கிராமப் பாடசாலையிற் படிப்பித்தேன். போரினால் ஊர் இடம்பெயர்ந்தது; திரும்பி வந்தோர் சிலரே. மாணவர் தொகை குறைந்தமையால் பாடசாலையை வேறொன்றோடு இணைத்துவிடுவர் என்று பேச்சு எழுந்தது. கணக்கெடுக்க அதிகாரி வருவதற்கு முதல்நாள் மாலை, யான் தனித்திருந்து பதினொரு பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே ஒரு மாத வரவைக் குறித்தேன். எவரும் என்னை ஏவவில்லை. அப்பிள்ளைகள் எங்கே இருந்தனர் என்பதை யான் அறியேன். பாடசாலை நிலைத்தது. மறுநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது பதினொரு வரிகளும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரு குறையுமின்றி நின்றன. உண்மையான வரிகளிலே இடையிடையே காய்ச்சலும் மழையும் திருவிழாவும் இருந்தன. பொய் வரிகளிலே ஒரு பிள்ளையும் ஒரு நாளும் காய்ச்சலாய்க் கிடக்கவில்லை. அதிகாரி கண்டாரோ, காணாதவர் போல் இருந்தாரோ, ஒன்றும் கேட்டிலர். ஆதலால் அலிஸ் நகரத்துப் பட்டியலைப் பற்றிப் படித்தபோது பிறர் குற்றத்தைப் படிப்பவனாக யான் படிக்கவில்லை.

முடிவை உறுதிசெய்ய வேண்டியது கட்சியின் மாநிலச் செயற்குழு. செப்டெம்பர் 13 இல் அது கூடியது. ஜோன்சனுக்குச் சார்பாக 29 பேர்; எதிராக 28 பேர். ஒரு வாக்கு! ஸ்டீவன்சன் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி டேவிட்சன் தடையுத்தரவு விதித்து, பெட்டிகளை ஆராய ஆணையாளரை அனுப்பினார். அலிஸ் நகரிலே விசாரணை தொடங்கிற்று. பட்டியலைத் தேடினர், பட்டியல் இல்லை. பிரதிகளும் காணாமற்போயின. விசாரணை நடந்துகொண்டிருக்கையிலே உயர் நீதிமன்ற நீதியரசர் ஹியூகோ பிளாக் அத்தடையுத்தரவை நிறுத்திவைத்தார். மாநிலத் தேர்தலிலே சமஷ்டி நீதிமன்றம் தலையிடுதல் தகாது என்பது அவர் கருத்து. ஜோன்சனுக்காக அந்த வழியைக் கண்டுபிடித்த வழக்கறிஞர் ஏப் போர்ட்டாஸ். அவரைப் பதினேழு ஆண்டுகளின் பின்னர் ஜோன்சன் உயர் நீதிமன்ற நீதியரசராக நியமித்தார். நவம்பரிலே பொதுத் தேர்தல் எதிர்பார்த்தபடி எளிதாக முடிந்தது. பதின்மூன்றாம் பெட்டிக்குத் தலைமை தாங்கிய லூயிஸ் சலாஸ் என்பவர் 1977 இலே, பாரும் ஜோன்சனும் இறந்த பின்னர், அவ்வாக்குகள் பொய் வாக்குகளே என்றும் தாமே அவற்றை உறுதிப்படுத்தியவர் என்றும் பத்திரிகையாளருக்குக் கூறினார். ஜோன்சன் நேரிலே கேட்டார் என்றும் அவர் சொன்னார். அந்தப் பகுதியை ஏற்போரும் உளர், ஏலாதோரும் உளர்.

செனற் சபையில் அவருடைய வளர்ச்சியை விரித்தால் இந்தப் பக்கம் போதாது. 1953 இல் கட்சித் தலைவர். 1955 இல் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். 1961 இல் உப ஜனாதிபதி. 1963 நவம்பர் 22 இல், கென்னடி சுடப்பட்ட அன்று, ஜனாதிபதி. பெருவெற்றி லிண்டன் என்று 87 வாக்குகளைச் சுட்டிப் பகைவர் இட்ட பரிகாசப் பெயர் மாத்திரம் நெடுநாள் தொடர்ந்தது. 1964 இல் நூற்றுக்கு அறுபத்தொன்று என்ற அளவிலே நாடு முழுவதும் அவரைத் தெரிந்தபோது பரிகாசத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

1965 மார்ச் 7 இல் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரிலே, வாக்குரிமை கேட்டு நடந்துசென்ற கறுப்பின மக்களைக் காவற்படையினர் அடித்து நொறுக்கினர். எட்டாம் நாள் ஜோன்சன் காங்கிரசின் இரு சபைகளின் முன்னும் நின்று, வாக்குரிமைச் சட்டத்தைக் கோரினார். அந்தப் பேச்சின் இடையிலே கொட்டுல்லாவைச் சொன்னார். பசியோடு வந்த பிள்ளைகளைச் சொன்னார். அவர்களுக்கு உதவும் அதிகாரம் தமக்கு என்றேனும் வரும் என்று அன்று கனவிலும் நினைத்ததில்லை என்றும், வந்துவிட்ட அதிகாரத்தைப் பயன்படுத்தப் போவதாகவும் சொன்னார். ஓகஸ்ட் 6 இல் சட்டத்திற் கையொப்பமிட்டார். அதற்கு முன்னர் மிசிசிப்பி மாநிலத்திலே வாக்குரிமை வயதை அடைந்த கறுப்பின மக்களுள் நூற்றுக்கு ஏழுபேர்கூட இடாப்பில் இல்லை. 1967 அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபதுபேர் இடாப்பிலே ஏறியிருந்தனர். உண்மையான பெயர்கள்; உயிருள்ள மனிதர்; தாமே வந்து பதிந்தவர்.

இராமன் மறைந்து நின்று வாலியை எய்தது தகுமோ என்று நம்மவர் எத்தனையோ நூற்றாண்டாக வாதிட்டு வருகின்றனர். பட்டிமண்டபத்திலே யானும் இரு பக்கமும் பேசியிருக்கிறேன். ஜோன்சன் இராமனல்லர், ஸ்டீவன்சன் வாலியுமல்லர். ஆயினும் கேள்வியின் சாயல் ஒன்றே. அலிஸ் நகரத்து இருநூறு பெயர்கள் இல்லாவிடின் 1965 இன் சட்டம் அவர் கையால் வந்திராது என்பர் சிலர். என் உள்ளம் இவ்வாதத்தை ஏற்பதாயில்லை. அந்த இருநூறு பெயர்கள் எவருடையன? மெக்சிக்க வம்சத்துக் கூலியாட்களின் பெயர்கள். கொட்டுல்லாவுக்கும் அலிசுக்கும் இடையே நூறு மைல்கூட இல்லை. அவர் பசியாற்ற விரும்பிய பிள்ளைகளின் இனத்தார், அவர்களைக் கேளாமலே அவருக்கு வாக்களித்தவராயினர். வறியவன் வாக்களிக்காதபடி தடுப்பது ஒரு களவு. அவன் பெயரால் தானே வாக்களிப்பது மற்றொரு களவு. மிசிசிப்பியிலே நடந்தது முன்னையது. அலிசிலே நடந்தது பின்னையது. முன்னையதை நீக்கினார் என்பதற்காகப் பின்னையது நன்றாகிவிடாது. பின்னையது உண்டு என்பதற்காக முன்னையதை நீக்கிய புகழையும் அவரிடமிருந்து பறித்தல் ஆகாது. எனது பதினொரு வரிகளுக்கும் இதுவே தீர்ப்பு.

1966 நவம்பரிலே ஜனாதிபதியாகிய ஜோன்சன் கொட்டுல்லாவுக்குத் திரும்பிச் சென்றார். பழைய பாடசாலையைப் பார்த்தார். தம் மாணவராயிருந்தோரைக் கண்டு அளவளாவினார். மறு ஆண்டு, தம் வரலாற்றை எழுத வந்த ஒரு பத்திரிகையாளர் 1948 ஐப் பற்றிக் கேட்டபோது, தமது அறைக்குட் சென்று ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துவந்து காட்டினார். ஒரு மோட்டார் வண்டியின் முன்மூடியின் மேல் ஒரு வாக்குப் பெட்டி. சுற்றி ஐந்து ஆண்கள். பெட்டியின்மேல் 13 என்னும் இலக்கம். வந்தவர் கேள்விமேற் கேள்வி கேட்டார். ஜோன்சன் சிரித்தாரேயன்றி ஒன்றும் விடை கூறவில்லை. அந்தப் படத்தை ஏன் அத்தனை ஆண்டு வைத்திருந்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. களவு செய்தவன் அடையாளத்தை எரிப்பதே உலகியல்பு.

முதற்றேர்தலால் எழுந்தவரை முதற்றேர்தலே இறக்கிற்று. 1968 மார்ச் 12 இல் நியூ ஹம்ஷயர் என்னும் சிறு மாநிலத்திலே சனநாயகக் கட்சியின் முதற்றேர்தல் நடந்தது. ஜோன்சனின் பெயர் வாக்குச் சீட்டிலே அச்சிடப்படவில்லை. அவரை விரும்பியோர் பெயரைத் தம் கையால் எழுதவேண்டும். அவ்வாறு எழுதியோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பதின்மர். வியட்னாம் போரை எதிர்த்து நின்ற யூஜின் மக்கார்த்தி நூற்றுக்கு நாற்பத்திரண்டு வாக்குகள் பெற்றார். எண்ணிக்கையில் வென்றவர் ஜோன்சனே. ஆயினும் பதவியிலிருக்கும் ஜனாதிபதிக்கு அது தோல்வியாகவே எண்ணப்பட்டது. நான்கு நாளில் ரொபேட் கென்னடியும் களத்தில் இறங்கினார். அம்மாதம் 31 ஆம் திகதி, தாம் மறுபடியும் போட்டியிடப் போவதில்லை என்று ஜோன்சன் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவித்தார். அந்தப் போரிலே அவர் செலவிட்ட உயிர்களின் கணக்கு வேறோர் இடாப்பு. அதனை எழுத வேறொரு கட்டுரை வேண்டும்.

1973 ஜனவரி 22 இல் பெடர்னாலிஸ் ஆற்றங்கரையிலுள்ள தமது பண்ணையிலே மாரடைப்பினால் இறந்தார். பிறந்த இடத்துக்கு அணித்தாகவே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய வாக்குரிமைச் சட்டம் 1975 இல் திருத்தப்பட்டது. ஆங்கிலம் அறியாத குடிகள் நிறைந்த இடங்களிலே அவர்தம் மொழியிலும் வாக்குச் சீட்டு அளிக்கவேண்டும் என்பது அத்திருத்தம். டெக்சாஸ் மாநிலம் அதன்கீழ் வந்தது. கொட்டுல்லாவிலே அந்த மொழிக்காக அடிபட்ட பையன்கள் அப்போது அறுபதை நெருங்கியிருப்பர். அவர்கள் கையிலே ஸ்பானிய மொழியில் அச்சிட்ட வாக்குச் சீட்டு வந்தது.